பன்னிரண்டுக்குக் கீழே

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி என்றால் எங்கள் ஆபீஸில் சண்டை நேரம். மூன்றாவது மாடியில், ஜன்னல் சரியாக மூடாத அந்தச் சின்ன அறையில், நான்கு பேர் உட்கார்ந்து ஒருவர் கழுத்தை ஒருவர் பிடிக்காத குறையாகக் கத்துவோம். எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். முகம் தெரியாத யார் யாரோ அனுப்பும் வேலைகளை எந்த சர்வரில் ஓட்டுவது என்பதற்கு.

ஒரு ஆஸ்பத்திரி ஸ்கேன் படங்களை அனுப்பி அலசச் சொல்லும். ஒரு வானிலை அலுவலகம் நாளைக்கு மழை உண்டா என்று பார்க்கச் சொல்லும். ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் லட்சம் பறவைக் குரல்களை இனம் பிரித்துத் தரச் சொல்வாள். எல்லாம் கிளவுட் என்ற ஒரே வாசலில் வந்து நிற்கும். எந்த வேலை, எந்த ஊர் சர்வரில், எப்போது என்பதை ஒரு புரோகிராம் முடிவு செய்கிறது. அதைக் கட்டி மேய்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

வேலை சீக்கிரம் முடிய வேண்டும், செலவு குறைய வேண்டும், மின்சாரமும் கொஞ்சமாகத்தான் ஆக வேண்டும். மூன்றும் வேண்டும் என்பார் மேனேஜர். மூன்றும் ஒரே நாளில் கிடைத்ததாகச் சரித்திரமே இல்லை. சீக்கிரம் முடிக்கப் போனால் செலவு எகிறும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் போனால் வேலை எங்கோ தூரத்தில் போய் வரிசையில் நிற்கும். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வக்காலத்து வாங்குவார். செலவுக்காரருக்கு நாங்கள் வைத்த பெயர் சிக்கனம். பேப்பரின் இரண்டு பக்கமும் எழுதி, ஓரத்திலும் எழுதுகிற மனிதர். சீக்கிரத்துக்கு வாதாடுகிற அம்மாவுக்கு அவசரம் என்று பெயர். நாற்காலியில் முழுசாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மின்சாரத்தைக் கவனிப்பவன் கரண்ட். மூவரும் கத்தி ஓய்ந்த பிறகு, மாதம் ஒருமுறை, நூறு புள்ளியை மூன்றுக்கும் பங்கு போட்டு எழுதுகிறவள் நான். என் பெயர் தராசு. பெயருக்கு ஏற்ற மாதிரி நடந்துகொண்டேனா என்பதுதான் இப்போது சொல்லப்போவது.

எங்கள் கம்பெனிக்கு டேட்டா சென்டர் இரண்டு. ஒன்று இதே ஊரில், பைபாஸ் ரோட்டை ஒட்டி. வெயில் ஊர் என்பதால் சர்வர்களைக் குளிர வைக்கவே மின்சாரம் தண்ணீராக ஓடும். இன்னொன்று வெகு தூரத்தில், வருடத்தில் எட்டு மாதம் பனி கொட்டும் நாட்டில். அதற்குக் குளிர் என்று பெயர் வைத்துவிட்டோம். அங்கே வெளிக்காற்றை உள்ளே இழுத்து விட்டாலே போதும், பாதிக் கூடம் குளிர்ந்துவிடும். அந்தக் காற்றுக் குழாய்களையும் ஃபேன்களையும் பார்த்துக்கொள்ளப் போனவன் என் வீட்டுக்காரன்.

எட்டு மாதம் என்றுதான் அனுப்பினார்கள். இரண்டு வருடம் ஐந்து மாதம் ஆகிவிட்டது. எங்களுக்குக் கல்யாணம் ஆகி ஐந்து வருடம் ஆகப்போகிறது. அதில் பாதிக்கு மேல் நான் ஒரு போனைத்தான் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறேன். நடுவில் இரண்டு தடவை வந்தான், தடவைக்குப் பத்து நாள். வந்த பத்து நாளில் மூன்று நாள் தூங்கியே போய்விடும்.

மேனேஜர் அவனுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். சர்வர்கள் நூறு யூனிட் எடுத்துக்கொண்டால், அவற்றைக் குளிர வைக்க மேற்கொண்டு எத்தனை யூனிட் ஆகிறது என்று ஒரு எண் உண்டு. மேல்கரண்ட் என்போம். உள்ளூர் சென்டரில் அது நாற்பதைத் தொடும். குளிரில் அது மூன்று மாதம் தொடர்ந்து பன்னிரண்டுக்குக் கீழே நின்றால், அந்த இடம் தானாக ஓடும் என்று அர்த்தம். அன்றைக்கே டிக்கெட் போட்டுத் தருகிறேன் என்றார். மூன்றே மாதம். எண்ணும் ஒன்றும் எட்டாத உயரம் இல்லை. ஆனால் ஒரு மாதம் பதினொன்று வரும், அடுத்த மாதம் பதினாறு. மறுபடி பதினொன்று, மறுபடி பதினைந்து. பரமபதப் பலகையில் ஏறி ஏறி வழுக்குகிற மாதிரி.

எங்களுக்குக் காலை ஏழு மணி என்றால் அவனுக்கு மதியம் ஒரு மணி. சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுவான். நான் அடுப்படியில் நின்றபடி போனை டப்பாவின் மேல் சாய்த்து வைத்துப் பேசுவேன். அதற்குள் மாமா, அவனுடைய அப்பா, வந்து போனைப் பிடுங்கிக் காதில் வைத்துக்கொள்வார். வீடியோ என்று எத்தனை தடவை கரடியாகக் கத்தினாலும் அவருக்குப் போன் என்றால் காதில் வைப்பதுதான். அந்தப் பக்கம் பெற்ற பிள்ளைக்குத் தெரிவது அப்பாவின் காதும் கொஞ்சம் நரைமுடியும்.

"சாப்டியா? குளிருக்கு நல்லா போத்திக்கோ. வண்டியை தினம் ஸ்டார்ட் பண்ணி வெக்கிறேன், பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்பார். இதையே தினமும் சொல்வார். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டு, அவனுடைய பைக்கை ஸ்டார்ட் செய்யக் கீழே இறங்கிப் போவார். அந்த வண்டியை ஓட்ட எங்கள் இருவருக்கும் தெரியாது. ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே உறுமவிட்டு அணைத்துவிட்டு வருவார்.

மாமா பக்கத்தில் நிற்கும்வரை நானும் "என்னங்க, சொல்லுங்க" என்று பவ்யமாக இருப்பேன். அவர் படியிறங்கினதும் வாடா போடாவுக்கு வந்துவிடுவேன்.

"இந்த மாசம் என்னடா ஆச்சு?"

"மூணாவது பம்ப்ல கேஸ்கெட் போயிடுச்சு."

"போன தடவை ஃபில்டர்னு சொன்ன."

"ஃபில்டரும் தான்."

"அதுக்கு முன்னாடி?"

"ஃபேன் பெல்ட். மேடம் இப்ப குறுக்கு விசாரணையா?" சிரிப்பான். சிரிக்கும்போது கீழ் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்வான். அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல எனக்கு விரல் குறுகுறுக்கும். கண்ணாடியைத் தொட்டால் படம் பெரிதாகும், அவ்வளவுதான்.

ஏக்கம் என்பதைக் கதைகளில் படித்தபோது ஏதோ மென்மையான சமாசாரம் என்று நினைத்திருந்தேன். எனக்கு அது மூக்குக்கு மேல் கோபமாகத்தான் வந்தது. சட்டை மடிக்கும்போது வரும். ஆண் குரல் எதையாவது வாசலில் கேட்டால் வரும். ஒருநாள் பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்ற ஒருத்தி, தன் புருஷன் தோளில் இருந்த நூலை எடுத்து ஊதிவிட்டாள். அதைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தில் என் ஸ்டாப்புக்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

அப்படி இருக்கையில்தான் அந்தச் செய்தி வந்தது. இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கிறோம் என்று மேனேஜர் ஒரு படிவம் அனுப்ப, அவன் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டான். எனக்கு மேனேஜர் சொல்லித்தான் தெரிந்தது.

மறுநாள் காலை மாமா படியிறங்கும்வரைகூட எனக்குப் பொறுமை இல்லை.

"கையெழுத்துப் போட்டியாமே."

"நம்பர் நிக்கலையே. நான் என்னன்னு சண்டை போடுறது?"

"போடணும். ஒத்தக்கால்ல நிக்கணும். முடியாதுன்னு சொல்லணும்."

"மூணு மாசம் நின்னா வுட்டுருவாரு. ஒரு வருஷம்ங்கறது பேப்பருக்குத்தான்."

"காதுல பூ சுத்தாத. உனக்கு வர இஷ்டம் இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

அவன் பதில் சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டிருக்கக் கூடாத கேள்வி என்று எனக்கே தெரிந்தது. கேட்ட பிறகு அது என் வாயிலிருந்து இறங்கி வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. குளிக்கும்போது, நடக்கும்போது, படுக்கும்போது அதே கேள்வி. அவனுக்கு வர இஷ்டம் இருக்கிறதா?

தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. குளிரின் தினசரிப் பதிவேடு. எந்த பம்ப் எப்போது ஓடியது, எந்தக் கதவு எத்தனை மணிக்குத் திறந்தது எல்லாம் அதில் இருக்கும். குளிர்சாதனப் பிரிவின் சொத்து அது. எங்கள் பக்கம் அதைக் கேட்டு யாரும் போனதில்லை. எங்களுக்கு வாரத்துக்கு ஒருமுறை அந்த மேல்கரண்ட் எண் மட்டும் வரும், புரோகிராம் அதை வாங்கிப் போட்டுக்கொள்ளும். நான் மாதப் பங்கீட்டுக்கு வேண்டும் என்று ஒரு பொய்க் காரணம் எழுதி, இரண்டரை வருடப் பதிவேட்டையும் வரவழைத்தேன். அவன் எங்கே அசட்டையாக இருந்தான் என்று கையும் களவுமாகப் பிடிப்பதுதான் திட்டம். நல்ல மனைவி.

மூன்று நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். கேஸ்கெட் ஒருமுறை மாற்றியிருந்தது, உண்மை. ஃபில்டர்கள் தேதி தவறாமல் மாற்றியிருந்தான். பெல்ட் எதுவும் அறுந்ததாகவே இல்லை. பதிவேட்டில் அசட்டை என்று சொல்ல ஒரு வரி கிடைக்கவில்லை. ஆனால் எண் மோசமான மாதங்களில் எல்லாம் ஒரே குறிப்பு திரும்பத் திரும்ப இருந்தது: "மாலை 4.05. வேலை குவிந்தது. வெளிக்காற்று போதவில்லை. இரண்டு சில்லரும் ஓட்டினோம்." சில்லர் என்பது பெரிய குளிர்சாதன இயந்திரம். மின்சாரத்தை யானை மாதிரி தின்னும். அதை ஓட்டிய நாளில் பன்னிரண்டாவது, கின்னிரண்டாவது.

அங்கே மாலை நான்கு என்றால் இங்கே காலை பத்து.

காலை பத்து மணிக்கு நான் ஒரு வேலை செய்வேன். அவசரமில்லை என்று குறித்து வந்த வேலைகள் முந்தின நாளிலிருந்து ஒரு தொட்டியில் காத்திருக்கும். ஒரு தடவை கண்ணை ஓட்டிவிட்டு, அதைத் திறந்துவிடுகிறவள் நான். திறந்தால் புரோகிராம் என்னுடைய புள்ளிகளைப் பார்த்து, எது எங்கே என்று பிரித்து அனுப்பும். மின்சாரத்துக்குப் புள்ளி கூட இருந்தால், மேல்கரண்ட் குறைவான இடத்துக்கு, அதாவது குளிருக்கு, பெரும்பங்கு போகும்.

பதிவேட்டையும் எங்கள் அனுப்புப் பட்டியலையும் ஒரே தாளில் இரண்டு கோடுகளாக வரைந்தேன். அவன் உயிரைக் கொடுத்து எண்ணைப் பதினொன்றுக்கு இறக்குகிறான். அதைப் பார்த்த என் புரோகிராம், ஆகா மலிவு என்று மொத்தத்தையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது. கூட்டம் தாங்காமல் அவன் சில்லரை ஓட்டுகிறான். எண் பதினாறுக்கு ஏறுகிறது. உடனே புரோகிராம், தூரத்தையும் வரிசையையும் சேர்த்தால் கட்டுப்படியாகாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அங்கே கூட்டம் வடிகிறது, எண் இறங்குகிறது, மறுபடி கொட்டுகிறது. அவன் நன்றாகச் செய்யச் செய்ய நான் அவன் தலையில் கட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். மூன்று மாதம் தொடர்ந்து நிற்க நானே விடவில்லை.

இதில் ஒன்றை நான் இன்னும் சொல்லவில்லை. மென்று முழுங்குவதில் பிரயோசனம் இல்லை, சொல்லிவிடுகிறேன்.

மின்சாரத்துக்கு முதலில் இருந்த புள்ளி முப்பத்தைந்து. அவன் போன நான்காவது மாதம் அதை நாற்பதாக்கினேன். இரண்டாவது லீவு முடிந்து அவனை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்த வாரம் நாற்பத்து மூன்றாக்கினேன். சுற்றுச்சூழல், கம்பெனியின் பெயர் என்று பக்கம் பக்கமாகக் காரணம் எழுதினேன். அதெல்லாம் பொய் இல்லை. ஆனால் காலை பத்து மணிக்குத் தொட்டியைத் திறந்ததும், திரையில் குளிருக்குப் போகும் கோடு மட்டும் மெல்ல மேலே ஏறும். காபியை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் நிற்கிற கூடத்துக்கு, அவன் துடைத்து வைத்த இயந்திரங்களுக்கு, என் கையால் ஏதோ ஒன்று போய்ச் சேருகிறது. பறவைக் குரல்களோ மழைக் கணக்கோ, எதுவானால் என்ன. அந்த அற்ப சந்தோஷத்துக்காகத்தான் அந்த எட்டுப் புள்ளி. ஏக்கத்தில் அனுப்பி அனுப்பியே ஆளை அங்கேயே கட்டிப்போட்டிருக்கிறேன்.

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, என்னை நானே நன்றாகத் திட்டினேன்.

திட்டி முடித்து முகம் கழுவும்போதுதான் இன்னொன்று உறைத்தது. "வேலை குவிந்தது" என்று அவன் கைப்பட இரண்டு வருடமாக எழுதியிருக்கிறான். அப்படியென்றால் எண் ஏன் ஏறுகிறது என்று அவனுக்குத் தெரியும். யார் அனுப்புகிறார்கள் என்றும் தெரியும்; பங்கீட்டுத் தாளின் அடியில் என் கையெழுத்துத்தான் இருக்கும். மேனேஜருக்கு ஒரு வரி எழுதிப்போட்டிருந்தால் அடுத்த வாரமே சரியாகியிருக்கும். என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூச்சு விடவில்லை. கேஸ்கெட், ஃபில்டர், அறுகாத பெல்ட் என்று பூசி மெழுகியிருக்கிறான். வர இஷ்டம் உள்ளவன் செய்கிற காரியமா இது?

அவனிடம் கேட்கவில்லை. கேட்டு, பதில் நான் பயந்த பதிலாக இருந்தால் என்ன செய்வது? என் பக்கத்துத் தப்பை முதலில் திருத்துவோம், அதற்குமேல் வருவதும் வராததும் அவன் பாடு என்று வீம்பாக முடிவு செய்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தாளை மேஜையில் விரித்தேன். "தப்பு என்னுது. மின்சாரத்துக்கு அளவுக்கு மீறிக் குடுத்துட்டேன். முப்பத்தாறு போதும். வார நம்பரைப் பாத்துப் பாத்துத்தான் புரோகிராம் தாவுது, இனி மாசச் சராசரியைப் பாக்கட்டும். ஒரு நாளைக்குப் பத்துல ஒரு பங்குக்கு மேல வேலையை இடம் மாத்தவும் கூடாது" என்றேன்.

கரண்டின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "அப்போ மின்சாரம் ஏறுமேக்கா. குளிர்ல ஓடுறதைத் தூக்கி இங்க வெயில்ல ஓட்டுறதா?"

"பெருசா ஏறாது. சில்லரை ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி வீணாப்போறது எவ்வளவுன்னு கீழ இருக்கு, பாரு."

அவன் பார்த்தான். அடங்கிவிட்டான். சிக்கனம் மட்டும், உள்ளூரில் செலவு நூற்றுக்கு இரண்டு கூடுமே என்று ஓரத்தில் எழுதிக் காட்டினார். கூடும், அதை நான் மறைக்கவில்லை. ஒன்றை இறக்கினால் ஒன்று ஏறத்தான் செய்யும் என்றேன். கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

எழுந்திருக்கும்போது கரண்ட் சும்மா இருந்திருக்கலாம். "ஆமா, முதல்ல ஏன்க்கா ஏத்தினீங்க?" என்றான்.

"அந்த சென்டர் எனக்குப் பிடிக்கும்" என்றேன்.

எதற்கும் பாய்ந்து பதில் சொல்கிற அவசரம்கூட, நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் மாதம் பதினொன்றரை. இரண்டாவது மாதம் பதினொன்றே கால். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை, காலண்டரில் கோடுகூடப் போடவில்லை. பத்து மணிக்குத் தொட்டியைத் திறப்பேன். குளிருக்குப் போகும் கோடு தரையோடு தரையாகப் படுத்திருக்கும். அதைப் பார்க்கப் பிடிக்காமல் வேறு திரைக்கு மாறிவிடுவேன். எண் இறங்க இறங்க அவன் துள்ளிக் குதிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவனோ நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டான். "ம்", "சரி", "அப்பா எப்படி இருக்கார்" அவ்வளவுதான். போனை வைக்கும்போது முன்னெல்லாம் இரண்டு தடவை சொல்லிவிட்டு வைப்பான், இப்போது ஒரே தடவை. வர வேண்டி வந்துவிட்டதே என்று முழிக்கிறான், வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் அங்கே வெயில் காலம் தொடங்கிவிட்டது. எண் பதினொன்று புள்ளி ஒன்பதில் ஊசலாடியது. மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. அன்று காலை மாமா பைக் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனதும் அடுப்பை அணைத்தேன்.

"ஒண்ணு கேப்பேன். பொய் சொல்லக் கூடாது."

"கேளு."

"பதிவேட்டைப் படிச்சேன். ரெண்டரை வருஷத்தையும். நாலு மணிக்கு வேலை வந்து குவியறதாலதான் நம்பர் ஏறுதுன்னு உனக்குத் தெரியும். நான்தான் அனுப்புறேன்னும் தெரியும். ஏன்டா சொல்லல?"

அவன் திடுக்கிடுவான் என்று நினைத்தேன். உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டான், ஆனால் சிரிக்கவில்லை.

"சொன்னா நிறுத்திடுவ."

"நிறுத்தணும்தானே!"

"உனக்கு நான் எப்படிச் சொல்றது." எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். "இங்க நாள் முழுக்கப் பேசறதுக்கு ஆள் கிடையாது. நாலு மணி ஆனா கூடத்துல போய் நிப்பேன். கொஞ்ச நேரத்துல ஃபேன் எல்லாம் ஒண்ணொண்ணா வேகம் எடுக்கும். சரி, மேடம் ஆபீஸ் வந்தாச்சு, காபி குடிச்சாச்சு, திறந்து வுட்டாச்சுன்னு தெரிஞ்சுக்குவேன். போன்ல நீ எப்பவும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவ. கோவம் வந்தா திட்டுவ. வேற ஒண்ணும் வாயத் திறந்து சொல்ல மாட்ட. ஆனா நான் லீவு முடிஞ்சு திரும்பி வந்த வாரம், இங்க ரெண்டு சில்லரும் ஒம்பது நாள் நிக்காம ஓடுச்சு. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது."

நான் போனை டப்பாவின் மேலிருந்து எடுத்துக் கிட்டே வைத்துக்கொண்டேன்.

"ஒரு மெயில் போட்டா போதும்னு தெரியும். எழுதிக்கூட வெச்சேன். அனுப்ப மனசு வரல. அடுத்த மாசம் அனுப்பலாம், அடுத்த மாசம் அனுப்பலாம்னே போயிடுச்சு. முட்டாள்தனம்தான்."

"அப்புறம் ஏன் இந்த மூணு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? நம்பர் இறங்குதில்ல?"

"இறங்குது. எல்லாரும் கை குடுக்குறாங்க." செருமிக்கொண்டான். "நாலு மணிக்குப் போய் நிக்கிறேன், சத்தமே இல்ல. ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல, மூணு மாசம். வர இஷ்டம் இருக்கான்னு கேட்ட. நான் பதில் சொல்லல. அடுத்த வாரத்துலேர்ந்து சத்தம் நின்னு போச்சு. சரி, இவ வெறுத்துட்டா, போதும்னு விட்டுட்டான்னு நெனச்சேன். டிக்கெட் கைக்கு வரப்போகுது, வீட்டுக்கு வந்து நான் யாரைப் பாக்கப்போறேன்னு இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் வரவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நான் நிறுத்தி வைத்திருந்த மூன்று மாதத்தையும், அந்த மனிதன் ஓசையில்லாத கூடத்தில் நின்று, நான் வெறுத்துவிட்டதாகக் கேட்டிருக்கிறான்.

"அட மடையா" என்றேன். "உன்னை வர வெக்கத்தான்டா நிறுத்தினேன். எட்டுப் புள்ளி ஏத்தினதும் உனக்காகத்தான், ஏழு எறக்கினதும் உனக்காகத்தான். நாலு பேர் முன்னால தப்பு என்னுதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். நான் எப்படா உன்னை வெறுத்தேன்? எனக்கு நீ வேணும். இந்தப் போன் வேணாம், நீ வேணும்."

இதை இத்தனை வருடத்தில் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் துடைத்துக்கொள்ளவில்லை, வழியட்டும் என்று விட்டுவிட்டேன். கீழே பைக் உறுமிக்கொண்டிருந்தது.

பிறகு அவன் மெதுவாகக் கேட்டான். "இன்னைக்கு மட்டும் கொஞ்சம் அனுப்பேன். ஒரு தடவை கேட்டுக்கறேன்."

"பதினொண்ணு புள்ளி ஒம்பதுல நிக்குது. இன்னைக்கு ஒரு நாள் சில்லர் ஓடினா பன்னெண்டைத் தாண்டிடும். மறுபடி முதல்லேர்ந்து மூணு மாசம்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்கற?"

"ஆமா."

"மாட்டேன்" என்றேன். "நாலு நாள் அந்தக் கூடத்துப் பக்கமே போகாத. போய்ப் பெட்டியை எடுத்து வை."

ஆபீஸுக்குப் போனேன். தொட்டியில் பன்னிரண்டாயிரம் வேலைகள் அவசரமில்லாமல் காத்துக்கொண்டிருந்தன. காபியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். மூன்று மாதமாகப் பார்க்காமல் ஒதுக்கியிருந்த அந்தத் திரையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். பட்டியலில் குளிருக்கு என்று ஒதுங்கியிருந்தது அறுநூறு வேலைதான். எந்த சில்லரையும் எழுப்பாத அளவு. அதையும் உள்ளூருக்கு மாற்றினேன். கேட்டால் காரணம் எழுதிக்கொள்ளலாம், சிக்கனம் ஓரத்தில் எழுதிக் காட்டட்டும்.

பத்து மணி ஆயிற்று. அவன் சொன்ன பேச்சைக் கேட்கிறவன் இல்லை. இந்நேரம் கூடத்தில் போய் நின்றிருப்பான், பதினைந்து வரிசை சர்வருக்கு நடுவில், கையைக் கட்டிக்கொண்டு. தொட்டியைத் திறந்தேன். உள்ளூர்க் கோடு விறுவிறுவென்று மேலே ஏறியது. குளிரின் கோடு அசையவே இல்லை. அது அசையாமல் இருக்கிறதா என்று நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் கழித்து என் போனில் ஒரு செய்தி வந்தது.

"ஒரு சத்தமும் இல்ல" என்று எழுதியிருந்தான். "கேட்டுது."